பழைய செயின்சாவுக்கு கார்புரேட்டர் கிட்: எதை வாங்கலாம், எதை விடலாம்

பல மாதமாகவோ பல வருடமாகவோ ஓடாமல் கிடந்த செயின்சாவுக்கு என்று மூன்று விதமான சரக்கு விற்பனையில் இருக்கிறது. முதலாவது, கேஸ்கட்டும் டயாஃப்ரமும் (வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடு) மட்டும் உள்ள சின்ன பாக்கெட். இரண்டாவது, அதோடு ஊசி வால்வு, லீவர், ஸ்பிரிங், வடிகட்டி வலை, வெல்ச் பிளக் (கார்புரேட்டர் உடம்பின் துளையை மூடும் சின்ன உலோகத் தட்டு) எல்லாம் சேர்ந்த முழு ரிப்பேர் கிட். மூன்றாவது, நகல் கார்புரேட்டரோடு பெட்ரோல் டியூப், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் என்று ஒரு டப்பா நிறைய வரும் செட். கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்துப் பலரும் நேராக மூன்றாவதை வாங்குகிறார்கள். பெரும்பாலான பழைய மெஷின்களுக்கு அது தேவையே இல்லை. ஒரிஜினல் கார்புரேட்டரின் உடம்பு நன்றாக இருக்கும் வரை முழு ரிப்பேர் கிட்தான் சரியான வாங்கல்.

ஆனால் எதை வாங்குவதற்கு முன்பும் கோளாறு கார்புரேட்டரில்தானா என்று பார்த்துவிட வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. மஃப்ளரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாய் வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பிஸ்டனின் பக்கவாட்டு வழவழப்பாக, கடைசல் கோடுகள் மங்கலாகத் தெரிந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடி, அலுமினியம் இழுபட்டுப் பூசியது போல் இருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோலிலோ பெட்ரோல் குறைவான லீன் ஓட்டத்திலோ அது சூடேறி உரசியிருக்கிறது. அந்த நிலையில் எந்த கார்புரேட்டர் கிட்டும் காப்பாற்றாது. பிஸ்டன், சிலிண்டர் செலவை மெஷினின் மதிப்போடு ஒப்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அதே சமயத்தில் மஃப்ளரில் உள்ள தீப்பொறி வலையையும் பாருங்கள். கரி அடைத்த வலை ஒன்றே போதும், மெஷின் கிளம்பாமலோ கிளம்பியும் வேகம் பிடிக்காமலோ போக.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பது. அதை அளக்கும் கேஜ் இருந்தால் பிளக் துளையில் மாட்டி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, முள் இதற்கு மேல் ஏறாது என்று நிற்கும் வரை கயிற்றை இழுங்கள். 150 பிஎஸ்ஐ பக்கத்தில் வந்தால் தெம்பான எஞ்சின். 120 வந்தாலும் ஓடும். 100-க்குக் கீழே போனால் கிளம்புவதே சிரமம். ஒரு எச்சரிக்கை: கார் எஞ்சினுக்கான கேஜ்களில் காற்றைப் பிடித்து நிறுத்தும் வால்வு குழாயின் மீட்டர் பக்கம் இருந்தால், சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் அளவு குறைத்துக் காட்டும். குழாயின் காற்றும் எரிஅறையோடு சேர்ந்துகொள்வதுதான் காரணம். பிளக் துளையில் மாட்டும் நுனியிலேயே வால்வு உள்ள கேஜ்தான் நம்பத்தக்கது.

ஸ்பார்க் பார்க்கும்போது பிளக் துளைக்குப் பக்கத்திலேயே பிளக்கை வைத்துப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள்; துளையிலிருந்து பெட்ரோல் ஆவி தெறிக்கும், பற்றிக்கொள்ளும். துளையைத் துணியால் மூடிவிட்டு, பிளக்கின் உலோகப் பகுதியைத் தள்ளி சிலிண்டரின் வேறொரு இடத்தில் அழுத்திப் பிடித்து இழுங்கள். பொறி வரவில்லை என்றால், பொறியை உண்டாக்கும் காயிலைக் குறை சொல்வதற்கு முன் ஆஃப் சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் காயிலில் இருந்து கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். தோல் உரிந்து எர்த் ஆன ஒயரால் நல்ல காயில்கள் நிறைய குப்பைக்குப் போயிருக்கின்றன. ஃப்ளைவீலுக்கும் காயிலுக்கும் நடுவே இடைவெளி சுமார் 0.3 மி.மீ. இருக்க வேண்டும், துருவால் அது அடைபட்டிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, விசிட்டிங் கார்டு ஒன்றை இடையில் வைத்து மறுபடி முடுக்கினால் சரியாக அமையும். பிளக் இடைவெளி 0.5 மி.மீ.

இதெல்லாம் சரியாக இருந்தால் கடைசிச் சோதனை. ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, ஆயில் கலந்த பெட்ரோலை அரை தேக்கரண்டிக்கு மேல் போகாமல் கார்புரேட்டர் வாயில் ஊற்றி, ஃபில்டரை மாட்டிவிட்டு இழுங்கள். இரண்டு மூன்று வினாடி ஓடி அணைந்தால் எஞ்சினில் உயிர் இருக்கிறது. டேங்கில் இருந்து பெட்ரோல்தான் வரவில்லை. இப்போது கிட் வாங்கலாம்.

எதை வாங்குவது என்பதை செயின்சாவின் மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே மாடலுக்கு வருடத்தைப் பொறுத்து வால்ப்ரோ கம்பெனி கார்புரேட்டரும் வந்திருக்கும், ஸாமா கம்பெனியுடையதும் வந்திருக்கும். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் உடம்பில் குத்தியிருக்கும் எண்ணைப் படியுங்கள். வால்ப்ரோவில் டபிள்யூடி, ஹெச்டிஏ என்று தொடங்கும். ஸாமாவில் சி1க்யூ, சி1யூ போன்று இருக்கும். வால்ப்ரோ கிட்களில் ‘கே’ என்று தொடங்குபவை முழு கிட், ‘டி’ என்று தொடங்குபவை கேஸ்கட்-டயாஃப்ரம் மட்டும். ஸாமாவில் முழு கிட்டுக்கு ‘ஆர்பி’, சின்னதுக்கு ‘ஜிஎன்டி’. இந்த எழுத்துகளைக் கவனிக்காமல் விலை குறைவு என்று சின்ன பாக்கெட்டை வாங்கிவிட்டு, ஊசி வால்வு இல்லையே என்று ஒரு நட்சத்திரம் கொடுத்துப் புலம்புகிறவர்கள் உண்டு. பாக்கெட் மேல் தப்பில்லை.

சின்ன பாக்கெட் போதுமா? ஒரு சீசன் மட்டும் சும்மா இருந்த, டேங்கில் பெட்ரோல் இல்லாமல் வைத்த மெஷினுக்குப் போதும். பெட்ரோலோடு கிடந்து, உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ பிசின் படிந்த மெஷினுக்குப் போதாது. ஊசியின் ரப்பர் நுனியில் வளையம் போலத் தடம் விழுந்திருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் அது பெட்ரோலை நிறுத்தாது. டயாஃப்ரம் புதிதாக, ஊசி பழையதாகப் போட்டால் கிளம்பும், ஆனால் நிறுத்தி வைத்த பிறகு பெட்ரோல் கசிந்து எஞ்சின் நனைந்து போய் மறுபடி கிளம்பாது. அதற்காக மீண்டும் ஒருமுறை எல்லாவற்றையும் பிரிப்பதைவிட முழு கிட்டே லாபம்.

இந்தக் கார்புரேட்டரில் மிதவை கிடையாது என்பதை நினைவில் வைத்தால் கிட்டில் உள்ள ஒவ்வொன்றும் எதற்கு என்று புரியும். செயின்சாவைக் கவிழ்த்தும் சாய்த்தும் பிடித்து அறுக்க வேண்டியிருப்பதால், பெட்ரோல் மட்டத்தை டயாஃப்ரம்தான் கட்டுப்படுத்துகிறது. ஒரு பக்கத்தில் பம்ப் டயாஃப்ரம்: கிராங்க்கேஸில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்தத் துடிப்பால் இது அசைந்து, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. இதில் வெட்டியிருக்கும் சின்ன நாக்குகள்தான் வால்வுகள். மறுபக்கத்தில் மீட்டரிங் டயாஃப்ரம்: எஞ்சின் உறிஞ்சும்போது இது உள்வாங்கி லீவரை அழுத்த, ஊசி தூக்கி, தேவையான அளவு பெட்ரோல் உள்ளே வருகிறது. பழைய பெட்ரோல், முக்கியமாக எத்தனால் கலந்தது, இந்த இரண்டு மெல்லிய தகடுகளையும் விறைக்க வைக்கிறது. விரலால் தட்டினால் காய்ந்த இலை போலச் சடசடக்கும் டயாஃப்ரம் செத்துவிட்டது. பம்ப் நாக்குகள் சுருண்டிருந்தாலும் அப்படித்தான்.

நல்ல கிட்டுக்கும் மட்டமான கிட்டுக்கும் வித்தியாசம் இங்கேதான். நல்ல கிட்டின் மீட்டரிங் டயாஃப்ரம் துவண்டு தொங்கும். நடு உலோகப் பொத்தான் ஆடாமல் உறுதியாக இருக்கும். மட்டமானதில் டயாஃப்ரம் புதிதாக இருக்கும்போதே விறைப்பாக இருக்கும், கேஸ்கட் துளைகள் ஸ்க்ரூ துளைகளோடு சேராது, வெல்ச் பிளக் அளவு தப்பாக இருக்கும். வந்த உடனே பழைய கேஸ்கட்டின் மேல் புதியதை வைத்து ஒவ்வொரு துளையும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். கிட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கேஸ்கட்களும் டயாஃப்ரங்களும் வருவது தவறல்ல. ஒரே கிட் பல மாடல்களுக்கு என்பதால், உங்களுடையதற்கு ஒத்துவருவதைப் பொறுக்கிக்கொண்டு மீதியை விட்டுவிடலாம்.

மாட்டும்போது வரிசைதான் எல்லாமே. மீட்டரிங் பக்கம் பெரும்பாலும் உடம்பின் மேல் முதலில் கேஸ்கட், அதன்மேல் டயாஃப்ரம், பிறகு மூடி. பம்ப் பக்கம் தலைகீழ்: உடம்பின் மேல் முதலில் டயாஃப்ரம், அதன்மேல் கேஸ்கட், பிறகு மூடி. விதிவிலக்கான மாடல்களும் உள்ளதால் பிரிக்கும்போதே ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில பழைய கார்புரேட்டர்களில் லீவரின் பிளந்த நுனிக்குள் டயாஃப்ரம் பொத்தான் கோத்து உட்கார வேண்டும். அது கோக்காமல் மூடியை முடுக்கிவிட்டால் ஒரு சொட்டு பெட்ரோலும் வராது.

சுத்தம் செய்ய கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரே போதும், ஆனால் ரப்பர், டயாஃப்ரம் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு மட்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். ஐடிலுக்கான (த்ராட்டிலை அழுத்தாமல் ஓடும் நிலை) துளைகள் மிக நுண்ணியவை, கீறி அகலமானால் திரும்ப வராது. கம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் மெயின் நாசில் பக்கம் அடிப்பதும் கூடாது. பல மாடல்களில் அதனுள் ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு சின்ன செக் வால்வு இருக்கும்; அது இடம் பெயர்ந்தால் அந்த கார்புரேட்டரை ஐடிலில் நிறுத்தவே முடியாது. பம்ப் பக்கம் உள்ள மயிரிழை வலையை மறக்க வேண்டாம். நிறையப் பேர் தொடாமல் விடுவது அதைத்தான், நிறைய அடைப்பு இருப்பதும் அங்கேதான். வெல்ச் பிளக்கை வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் எடுங்கள். கிட்டில் புதியது இருக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. எடுத்தால், புதியதை நுனி மொட்டையான இரும்புப் பஞ்ச் கருவியால் லேசாகத் தட்டித் தட்டையாக்கி, ஓரத்தில் நகப் பூச்சு ஒரு கோடு இழுத்தால் கசியாது.

அடுத்து லீவர் உயரம். கிட்டோடு வரும் தாளில் பெரும்பாலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இந்தப் பொருட்களின் மிகப் பெரிய குறையே இதுதான். பல மாடல்களில் லீவர் நுனி, மீட்டரிங் டயாஃப்ரத்துக்குக் கீழே உள்ள அறையின் தரையோடு சமமாக இருக்க வேண்டும்; வால்ப்ரோ டபிள்யூடி வகையில் கேஸ்கட் உட்காரும் விளிம்பிலிருந்து சுமார் 1.65 மி.மீ. கீழே. இதற்கென்றே வால்ப்ரோவும் ஸாமாவும் சின்னத் தகட்டு அளவுகோல் விற்கின்றன. உயரம் கூடினால் ஊசி எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். மெஷின் பெட்ரோலில் மூழ்கும். குறைந்தால் த்ராட்டிலை அழுத்தும்போது தேவைக்குப் பெட்ரோல் வராமல் திக்கும். கிட்டில் வரும் லீவர் அப்படியே சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். வளைக்கும்போது ஊசியை அதன் இருக்கையில் அழுத்தாமல், லீவரை வெளியே எடுத்து வளையுங்கள்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை: பெட்ரோல் வரும் நிப்பிளில் கை பம்பும் மீட்டரும் மாட்டி 0.5 பார் வரை அழுத்தம் கொடுங்கள். முள் அசையாமல் நின்றால் ஊசி சரியாக மூடுகிறது. இறங்கினால் கார்புரேட்டரைப் பெட்ரோலில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி எங்கிருந்து வருகிறதோ அங்கே கோளாறு.

பெட்ரோல் டியூபுக்கு வருவோம். பழைய மெஷின்களில் பாதிக் கோளாறு உண்மையில் இங்கேதான். டேங்குக்குள் கிடக்கும் டியூபின் மடிப்பில் மயிரிழை வெடிப்பு விழும். நேராக இருக்கும்போது தெரியாது, வளைத்தால் வாய் பிளக்கும். வெடிப்பு பெட்ரோல் மட்டத்துக்கு மேலே இருந்தால் காற்றை இழுத்து, டேங்க் நிறைந்திருக்கும்போது ஓடும் மெஷின் பாதிக்கு வந்ததும் லீனாகி இரைந்து நிற்கும். டப்பா செட்களில் வரும் மஞ்சள் நிற டியூப் தரத்தில் மோசமில்லை, ஆனால் எல்லா செயின்சாவுக்கும் பொருந்தாது. டேங்க் துளையில் காலர் வைத்து வார்த்த டியூப் உள்ள மெஷின்களில் இந்த நேர் டியூபைச் செருகினால், துளைக்கும் டியூபுக்கும் நடுவில் கசியும். அந்த மெஷின்களுக்கு அதே மாடலின் வார்ப்பு டியூபை மட்டும் தனியாக வாங்குங்கள். செருகும்போது நுனியைச் சாய்வாக நீளமாக வெட்டி, துளை வழியாக நுழைத்து, மறுபக்கம் ப்ளையரால் இழுத்த பிறகு சாய்வை வெட்டிவிடலாம். ஃபில்டர் டேங்கின் அடி மூலை வரை போகும் நீளம் வேண்டும், சுருண்டு ஒட்டிக்கொள்ளும் அளவு நீளம் கூடாது.

டேங்க் வென்ட்டை (டேங்குக்குள் காற்று போகும் வழி) பெரும்பாலான கிட்கள் தருவதில்லை. சில நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, மூடியைத் தளர்த்தினால் ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி ஓடுகிறது என்றால் வென்ட் அடைத்திருக்கிறது. கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றி அவதிப்படுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

நகல் கார்புரேட்டரைப் பற்றி நியாயமாகச் சொன்னால், எல்லாமே குப்பை இல்லை. ஒரிஜினலின் உள்ளே வெள்ளைப் பொடியாக அலுமினியம் அரித்திருந்தாலோ, த்ராட்டில் தண்டு தன் துளையில் லொடலொடவென்று ஆடினாலோ, ரிப்பேர் கிட் வீண். அப்போது நகல்தான் வழி. பிரச்சினை அதைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஓட்டுவது. உங்கள் எஞ்சினுக்கு என்று யாரும் அதை டியூன் செய்து அனுப்புவதில்லை. லீவர் உயரம் தாறுமாறாக இருக்கும், மூடி ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கும், துடிப்புக் காற்று வரும் துளை உங்கள் கேஸ்கட்டின் துளையோடு ஒத்திருக்காமலும் போகும். அந்தத் துளை மூடினால் பம்ப் வேலையே செய்யாது, புது கார்புரேட்டரும் செத்தது போலத் தோன்றும். செட்டோடு வரும் பிளக்கை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பெயர் தெரிந்த கம்பெனி பிளக் போடுவது நல்லது. மெல்லிய நுரை ஏர் ஃபில்டர் வந்தால் அதைப் போடாதீர்கள். மரத்தூள் உள்ளே போனால் பிஸ்டன் ரிங் தேயும். பழைய ஒரிஜினல் கார்புரேட்டரையும் தூக்கி எறிய வேண்டாம், ஸ்க்ரூ முதல் லீவர் பின் வரை பின்னால் தேவைப்படும்.

டியூனிங். குறைந்த வேகத்துக்கான பெட்ரோல் அளவை மாற்றும் எல் ஸ்க்ரூவையும் அதிக வேகத்துக்கான ஹெச் ஸ்க்ரூவையும் அடி தொடும் வரை மெதுவாக மூடி, ஒரு சுற்று திறந்து தொடங்குங்கள். இது கிளம்புவதற்கான இடம், முடிவான இடம் அல்ல. அழுத்தி மூடினால் ஸ்க்ரூவின் ஊசி நுனியும் அதன் இருக்கையும் கெடும். நகல்களில் ஸ்க்ரூ தலை டி வடிவிலோ பல் பல்லாகவோ இருக்கலாம், அதற்கான டூலையும் சேர்த்தே வாங்குங்கள். ஏர் ஃபில்டர் சுத்தமாக, கைடு பாரும் செயினும் சரியான இழுப்பில் மாட்டி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகே டியூன் செய்ய வேண்டும். எல்-ஐ முன்னும் பின்னும் திருப்பி ஐடில் அதிகமாக எழும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் சுற்று திறந்து வையுங்கள். த்ராட்டிலை வெடுக்கென்று அழுத்தினால் தயங்காமல் எழ வேண்டும். பிறகு ஐடில் ஸ்க்ரூவால் செயின் அசையாத இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பல மெஷின்களுக்கு இது 2,800 ஆர்பிஎம் அளவில் அமையும்.

ஹெச் ஸ்க்ரூவில்தான் எஞ்சின் சாகும். மரத்தில் வைக்காமல் முழு த்ராட்டிலில் ஓடும்போது சத்தம் சற்றுக் கரகரப்பாக, உடைந்து வர வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு மறைந்து தெளிவாக வேண்டும். சுமை இல்லாமலே கீச்சென்று சுத்தமாக இரைந்தால் லீன். கேட்க இனிமையாக இருக்கும், பிஸ்டன் உருகிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் ஹெச்-ஐ இன்னும் கொஞ்சம் திறந்தே வையுங்கள். புகை கூடும், எஞ்சின் பிழைக்கும். டாகோமீட்டர் இருந்தால் மாடலுக்கான அதிகபட்ச ஆர்பிஎம்மைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். சுமையில்லாமல் முழு த்ராட்டிலில் சில வினாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம்.

எவ்வளவு டியூன் செய்தும் ஐடில் தானாக ஏறி இறங்கினாலோ, மெஷினைச் சாய்த்தால் சத்தம் மாறினாலோ, த்ராட்டிலை விட்ட பிறகும் வேகம் இறங்க நேரம் எடுத்தாலோ, அது காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய் வெடித்திருக்கும், அல்லது கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் காய்ந்திருக்கும். வருடக்கணக்கில் கிடந்த மெஷினில் சீல் காய்வது சகஜம். இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, 0.5 பார் அழுத்தமும் அதே அளவு வெற்றிடமும் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வெற்றிடம் முக்கியம்; அழுத்தத்தில் தாங்கும் சீல், உறிஞ்சும்போது உதடு பிரிந்து காற்றை விடும். இந்தக் கசிவோடு ஹெச்-ஐத் திறந்து சமாளிப்பது சில நாளுக்கு ஓடும், அவ்வளவுதான்.

பெட்ரோல் கலவை மெஷினின் வயதையும் ஆயிலையும் பொறுத்தது. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில், 40:1 என்றால் 25 மி.லி., மிகப் பழைய மெஷின்களில் வரும் 25:1 என்றால் 40 மி.லி. கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்து ஊற்றினால் இத்தனை வேலையும் சீக்கிரமே மறுபடி செய்ய வேண்டியிருக்கும். நாள் கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, எஞ்சினைக் கிளப்பி, தானாக அணையும் வரை ஐடிலில் விட்டுவிட்டு வையுங்கள்.